சக்கர நாற்காலியும் மூச்சும்

சக்கர நாற்காலியின் சரித்திரம் கூறுவோர் சக்கரத்தையே வியந்து பேசுவர். எனக்கோ, கதையின் உயிர்நாடி இருக்கையில்தான் உள்ளதென்று தோன்றுகிறது.

1655-ஆம் ஆண்டில், நூரம்பர்க் பகுதியில் வாழ்ந்த கடிகாரத் தொழிலாளி ஸ்டீபன் ஃபார்ஃப்ளர், நடக்கவியலாத தமக்கென மூன்று சக்கர வண்டியொன்று செய்து, கைப்பிடியைச் சுழற்றித் தாமே ஓட்டிச் சென்றார். பின்வந்த நாற்காலிகளுட் பல பிறர் தள்ளுவதற்கென்றே அமைந்தவை. அமர்ந்தவர் உழைக்க வேண்டாதபோது அவர் மூச்சைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

அமெரிக்காவில், சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்டும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் மடக்கு நாற்காலியொன்றை உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்றனர். மோட்டார் வண்டியில் ஏற்றிச் செல்லலாம்; பெரிய விடுதலைதான். ஆனால், மடங்க வேண்டுமே என்று இருக்கையைத் துணியால் அமைத்தனர். துணி நாளடைவில் தொய்யும். தொய்ந்தால் இடுப்பெலும்பு பின்னே சரிகிறது, முதுகு கூனுகிறது, விலா எலும்புகள் வயிற்றின்மீது கவிகின்றன. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையாகிய உதரவிதானம் கீழிறங்க இடமின்றித் தவிக்கிறது. அந்நிலையிலேயே கைகள் சக்கரத்தைத் தள்ளவும் வேண்டும். அவ்வாறு தள்ளுகையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கே, பெரும்பாலும் அதனினும் குறைவே, இயக்கமாகிறது.

அப்படியானால் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதுமா? போதாது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அறுபட்டவர்களுக்கு, நாம் எண்ணுவதற்கு மாறாக, படுத்திருக்கும்போதே மூச்சு மிகுதியாகக் கொள்ளும். அமர்ந்தால், செயலிழந்த வயிற்றுத் தசை குடலைத் தாங்காது. உதரவிதானம் தட்டையாகி வலுக் குன்றும். வயிற்றில் அகன்ற கச்சை கட்டினால் அக்குறை ஓரளவு நீங்கும்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், 1948-இல் பதினாறு பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். நாற்காலியில் இருப்பவர் உழைப்பாளியும் ஆவார் என்பதை உலகம் கண்டது. 1975-இல் பாப் ஹால் பாஸ்டன் மாரத்தானை நாற்காலியிலேயே 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார். அதன்பின் பந்தய வீரர்கள் இருக்கையைத் தாழ்த்தி, முன்குனிந்து, பிற்காலத்தில் மண்டியிட்டும் அமரலாயினர்.

சக்கரத்தின் உச்சியில் கை வைக்கும்போது முழங்கை 100 முதல் 120 பாகை வரையில் மடங்குமாறு இருக்கை அமைந்தால் உழைப்புக் குறைகிறதென்று ஆய்வாளர் பின்னர்க் கண்டனர். எல்லார்க்கும் ஒரே அளவாக வழங்கப்படும் நாற்காலிகளைக் காணும்போதெல்லாம், நான் முதலில் அந்தத் துணியைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.