லண்டனில் தூக்கு, மெட்ராஸில் வரவேற்பு: எஃப்ரேம் சாமியாரின் கதை

புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு பாரிமுனை அந்தோணியார் கோயில் தெரியாம இருக்காது. செவ்வாய்க்கிழமைன்னா ஆர்மேனியன் தெருவில் எல்லா மதத்துக்காரங்களும் நிப்பாங்க. அந்தக் கோயிலோட வேரைத் தேடினா, 1642-ல் இங்கே வந்த ஒரு பிரெஞ்சு கப்பூச்சின் துறவிகிட்ட போய் நிக்கும். பெயர் எஃப்ரேம் டி நெவர்.

முதல்ல லண்டன் நிலவரம். மன்னர்தான் திருச்சபைக்குத் தலைவர் என்பதை ஏற்க மறுத்த பிஷப் ஜான் ஃபிஷரின் தலையை 1535-ல் எட்டாம் ஹென்றி வெட்டினார். வெளிநாட்டில் குருப்பட்டம் வாங்கிய கத்தோலிக்கப் பாதிரியார் இங்கிலாந்துக்குள் வந்தாலே ராஜதுரோகம் என்று 1585-ல் எலிசபெத் ராணி காலத்தில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் 1642 ஜனவரியில்கூட ஆல்பன் ரோ என்ற பாதிரியாரைத் தூக்கில் போட்டார்கள்.

அதே வருஷம், பர்மாவின் பெகுவுக்குப் போய்க்கொண்டிருந்த எஃப்ரேமை, "இங்கேயே இருங்க"ன்னு கேட்டது யார்? கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்காரங்க! கோட்டைக்குள்ளேயே கோயில் கட்டவும் இடம் கிடைத்தது.

ஏன் இந்தப் பாசம்? புது ஊருக்கு ஆள் வேணும். குடியேறினவங்களில் நிறைய பேர் போர்த்துகீசியக் கத்தோலிக்கர்கள். பூசைக்காக அவங்க போர்த்துகீசியர் கையில் இருந்த சாந்தோமுக்குப் போனா, ஊரே அந்தப் பக்கம் சாயும்.

சாந்தோமுக்கு இது பொறுக்கவில்லை. கீழை நாட்டுத் திருச்சபைகள் எல்லாம் தங்கள் மன்னரின் உரிமை என்பது போர்த்துகீசியர் வாதம். ரோம் 1622-ல் தனியாக மிஷன் அலுவலகம் தொடங்கியதிலிருந்தே உரசல். 1649-ல் சாந்தோமுக்குப் போன எஃப்ரேமை மதவிசாரணை ஆட்கள் பிடித்து, கோவா சிறையில் அடைத்தார்கள். கத்தோலிக்கரைக் கத்தோலிக்கரே!

காப்பாற்ற வந்தது கோல்கொண்டா. பிரெஞ்சு வியாபாரி தவர்னியே எழுதியிருப்பதன்படி, சுல்தானின் மருமகனுக்கு எஃப்ரேமின் கணித அறிவு மேல் முன்பே மரியாதை உண்டு. சாமியாரை விடும்வரை சாந்தோமை முற்றுகையிடும்படி தளபதி மீர் ஜும்லாவுக்கு உத்தரவு போனது. சுமார் இரண்டு வருஷச் சிறைக்குப் பிறகு எஃப்ரேம் மெட்ராஸ் திரும்பி, பல பத்தாண்டுகள் இங்கேயே வாழ்ந்தார்.

ஆனா கம்பெனியோட பாசம் நிலைக்கவில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்து, 1749-ல் திருப்பிக் கொடுத்த பிறகு, கப்பூச்சின்கள் பிரெஞ்சு ஆதரவாளர்கள் என்ற சந்தேகத்தில் அவர்களுடைய கோட்டைக் கோயிலை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள். கப்பூச்சின்களின் இடம் ஆர்மேனியன் தெரு ஆனது.

1642-ல் அவர்களுடைய மதம் தெரிந்துதான் கம்பெனி கூப்பிட்டது. நூறு வருஷம் கழித்தும் அதே மதம்தான். மாறினது கம்பெனியோட தேவை மட்டும். அடுத்த தடவை அந்தத் தெருப் பக்கம் போனா, இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.