பூவும் தலையும், இடையிலுள்ள கோணமும்

இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லி 1949 வரை திருவிதாங்கூர் மன்னராட்சியைச் சேர்ந்த நிலம். போடிமெட்டுக்குக் கிழக்கே பிரிட்டிஷ் இந்தியாவின் மதுரை மாவட்டம். தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு மலையேறிய தமிழர் எல்லையைக் கடந்ததும் வேறொரு நாணயக் கணக்குக்குள் நுழைந்தனர். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரம்தான் இரு அரசுகளுக்கும் இடையிலான வேறுபாடு.

இந்நாணயங்களின் பெயர்களே தனி வரலாறு. 'காசு' போர்த்துக்கீசியர் வாய்வழி 'கேஷ்' என்று திரிந்து, பின்னர் ஆங்கில எழுத்தில் திருவிதாங்கூர் நாணயத்தின் மீதே பொறிக்கப்பட்டது. (ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கில 'கேஷ்' வேறு சொல், அது பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்வழி வந்தது.) நாணயச் சாலையை மலையாளம் 'கம்மட்டம்' என்கிறது, தமிழில் 'கம்பட்டம்'. நாணயத்தின் இரு முகங்களையும் 'பூ', 'தலை' என்று பேச்சுவழக்கு பிரித்தறிகிறது. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்துக்கு மட்டும் வழக்கில் பெயரில்லை. இங்கு அதனை அச்சுக்கோணம் எனலாம்.

அதனை அறிவது எளிது. நாணயத்தின் முன்பக்கம் நிமிர்ந்திருக்குமாறு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு விரல்களால் பற்றி, பக்கவாட்டில் திருப்ப வேண்டும். பின்பக்கமும் நிமிர்ந்து நின்றால் அது பதக்க அமைவு. தலைகீழாக நின்றால் நாணய அமைவு. இன்றைய இந்திய நாணயங்கள் முதல் வகை. அமெரிக்க நாணயங்கள் இரண்டாம் வகை. பிரிட்டன் 1887இல் இரண்டிலிருந்து முதலுக்கு மாறியது. இரண்டும் மரபுகளே, ஒன்று சரி, மற்றது பிழை என்பதற்கில்லை.

கையால் அடித்த காலத்தில் இந்த மரபே பெரும்பாலும் இல்லை. கீழ் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும். மேல் அச்சு கம்மியர் கையில் இருக்கும். உலோகத் துண்டை நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது மேல் அச்சு எப்பக்கம் திரும்பியிருந்ததோ அதுவே கோணம். ஒருபுறம் நிற்கும் மன்னரும் மறுபுறம் அமர்ந்த மன்னரும் 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் நாகரி எழுத்தும் கொண்ட சோழக் காசில் ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் இருப்பதில் வியப்பில்லை. அதனைப் 'பிழை நாணயம்' என்று விற்பது அறியாமை அல்லது ஏமாற்று. திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரத்தில் இக்கேள்வியே எழாது எனலாம். அரை கிராம்கூட இல்லாத அந்நாணயத்தை விரலால் எண்ண முடியாமல், குழிகள் வெட்டிய சக்கரப்பலகையில் பரப்பி எண்ணினர். புள்ளிகளும் கோடுகளுமான அதன் முகத்தில் மேலேது, கீழேது?

பிழை என்ற கருத்தைக் கொண்டுவந்தது இயந்திரம். மன்னர் தலையும் சங்கும் பொறித்த செப்புச் சக்கரம் போன்றவற்றில் இரு அச்சுகளும் குறித்த நிலையில் இறுக்கப்படுகின்றன. பிடி தளர்ந்து ஓர் அச்சு மெல்லச் சுழன்றால், கவனிக்கப்படும்வரை வரும் நாணயங்களெல்லாம் கோணம் மாறியே வரும். சில பாகை விலகல் சாதாரணம். அதற்குச் சேகரிப்போர் கூடுதல் விலை தருவதில்லை. 90, 180 பாகைச் சுழற்சிக்கே மதிப்பு. அதைவிட மதிப்புடையது, இந்தியச் சந்தையில் 'லக்கி' எனப்படும் வகை: அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த தகட்டில் அதே முகம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும்.

விலையைப் பிழை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஐந்தாம் ஜார்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாயில் அரசர் அணிந்த ஆரத்தின் யானை பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அடித்தவை ஏறத்தாழ 94 லட்சம், வெளிவந்தவை சுமார் 7 லட்சம், எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912இல் யானை திருத்தப்பட்டது. இது அச்சடிப்புப் பிழையன்று, செதுக்குப் பிழை. 7 லட்சம் அப்படியொன்றும் அரிய எண்ணிக்கையுமன்று. 'பன்றி ரூபாய்' என்னும் கதைக்கே பாதி விலை.

கதைக்கு விலை உண்டென்பதை மோசடிக்காரரும் அறிவர். பழைய நாணயங்களை வாங்குவதாகச் சொல்லி, தன் பெயரையும் முத்திரையையும் காட்டிக் கட்டணமும் வரியும் கேட்போரை நம்ப வேண்டாமென இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தோட்டக் குடியிருப்பின் தகரப்பெட்டியில் கிடக்கும் சக்கரத்தை லட்சங்களாகக் காட்டும் காணொளிகளுக்கு இரையாவது சேமிப்புப் பணம். விற்கும் ஆசையில் புளியிட்டுத் தேய்த்தால் நாணயத்தின் மேற்பரப்பும் போகிறது, இருந்த விலையும் போகிறது.

ஆய்வாளரின் இழப்பு வேறு. அயல்நாட்டு அருங்காட்சியக அட்டவணைகள் அச்சுக்கோணத்தைக் கடிகார மணியாகக் குறிக்கின்றன: 12 என்றால் நேர், 6 என்றால் தலைகீழ். ஒரு கூடத்தின் நாணயங்களில் கோணம் தொடர்ந்து ஒன்றாகவே அமைந்தால், அங்கு அச்சுகளை இணைத்துப் பிடித்தனர் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் விற்பனைப் படமாயினும் நூலின் படமாயினும், இரு முகங்களையும் தனித்தனியே நிமிர்த்தி அருகருகே வைப்பதே வழக்கம். அந்தக் கணத்தில் கோணம் அழிந்துவிடுகிறது. நாணயம் கைமாறியபின் எந்தப் படத்திலிருந்தும் அதனை மீட்க முடியாது. எடை, விட்டம் எழுதும் உறையின் மேல் ஒரு மணி எண்ணையும் சேர்த்து எழுத அரை நிமிடம் போதும்.