சுவரோரக் காற்றின் அதிகாரம்

சதீஷ் தவான் என்றதும் நமக்கு ஸ்ரீஹரிகோட்டாவும், 1972 முதல் 1984 வரை இஸ்ரோவை அவர் நடத்திச் சென்ற விதமும் நினைவுக்கு வரும். காற்றியக்கவியல் படித்தவர்களுக்கு இன்னொரு தவானையும் தெரியும். 1951இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அந்த இளைஞர், ஹான்ஸ் லீப்மன், அனடோல் ரோஷ்கோ ஆகியோருடன் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை எழுதினார். எல்லைப்படலத்தின் மீது விழும் அதிர்வலை எப்படித் திரும்புகிறது என்பதே அதன் பொருள். எழுபது ஆண்டுகள் கடந்தும் இத்துறைக்குள் நுழைபவர்கள் படிக்கவேண்டிய அறிக்கை அது என்பது என் உறுதியான எண்ணம்.

அதிர்வலையும் எல்லைப்படலமும் தனித்தனியே பிறந்த கருத்துகள். பாயும் துப்பாக்கிக் குண்டின் முன்னால் நிற்கும் அதிர்வலையின் படத்தை எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்சரும் 1887இல் வெளியிட்டார்கள். 1904இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டில் வேறொன்றைச் சொன்னார்: காற்றின் பாகுத்தன்மை பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப்படலத்துக்குள்தான் ஆட்சி செய்கிறது, வெளியே அதை மறந்துவிடலாம். வானூர்தியைக் கணக்கிட்டு வடிவமைக்க முடிந்ததே இந்தப் பாகப்பிரிவினையால்தான். ஆனால் வலுவான அதிர்வலை ஒன்று பரப்பைத் தொடும் இடத்தில் அந்தப் பிரிவினை செல்லாது.

தட்டையான தகடு ஒன்றின் மேல் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் காற்று ஓடுவதாகக் கொள்வோம். மேலிருந்து ஓர் அதிர்வலை சாய்வாக விழுகிறது. பாகுத்தன்மையை விட்டுவிட்டால் விடை எளிது. பட்ட புள்ளியிலேயே அலை திரும்பும்; அழுத்தம் ஒரே தாவலில் உயரும். முன்னால் வந்துகொண்டிருக்கும் காற்றுக்கு இது எதுவும் தெரியாது, ஏனெனில் ஒலியை விஞ்சும் ஓட்டத்தை எதிர்த்து அழுத்தச் செய்தி செல்ல முடியாது. ஆனால் தகட்டின் பரப்பில் காற்றின் வேகம் சுழியம். அங்கிருந்து வெளி வேகத்தை எட்டுவதற்குள் எங்கோ ஓர் உயரத்தில் அது ஒலிவேகத்தைக் கடந்தாக வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழே ஓடும் மெல்லிய பட்டையில் செய்திக்குத் தடையில்லை. அதன் வழியே அழுத்தம் ஓட்டத்துக்கு எதிராகக் கசிகிறது. படலம் தடிக்கிறது, தடித்த படலம் வெளியோட்டத்தை மேல்நோக்கித் திருப்புகிறது, அந்தத் திருப்பத்தில் எழும் அமுக்க அலைகள் ஒன்றுகூடி, கணக்கில் இல்லாத புதிய அதிர்வலை ஒன்றை முன்கூட்டியே நிறுத்திவிடுகின்றன.

விழும் அலை வலுவானதாயின் நிலைமை முற்றும். பாலத்து மேட்டை வேகமாக நெருங்கும் சைக்கிள் மிதிக்காமலே ஏறிவிடும். மெதுவாக வருவது பாதியில் நின்று பின்னால் உருளும். சுவரோரக் காற்றுக்கு நேர்வதும் அதுதான். உயரும் அழுத்தத்தை ஏற வலுவின்றி அது நின்று பின்னோக்கி ஓட, மேலே வரும் ஓட்டம் பரப்பைவிட்டுப் பிரிகிறது. நடுவே சுழலும் காற்றுக்குமிழ் ஒன்று உருவாகிறது. குமிழைத் தாண்டி ஓட்டம் மறுபடியும் பரப்பைத் தொடும் இடத்தில்தான் வெப்பம் உச்சத்துக்குப் போகும்.

இங்கேதான் அந்த மூவரின் அறிக்கை முக்கியத்துவம் பெறுகிறது. ஒரே அதிர்வலை, ஒரே வேகம். ஆனால் படலம் சீரான அடுக்கோட்டமா, கொந்தளிப்பு ஓட்டமா என்பதைப் பொறுத்து காட்சி முழுதும் மாறிவிடுகிறது. அடுக்கோட்டப் படலத்தில் அழுத்தத்தின் தாக்கம் படலத் தடிமனைப்போல் பல பத்து மடங்கு தொலைவு முன்னேறும். கொந்தளிப்புப் படலத்தில் சில மடங்கோடு நின்றுவிடும்; கொந்தளிப்பு, வெளி வேகத்தைச் சுவர்வரை இறக்கித் தருவதே காரணம். 1946இலேயே ஜூரிக்கில் ஆக்கரெட் குழுவும், கலிஃபோர்னியாவில் லீப்மனும் தனித்தனியே இந்த வேறுபாட்டைக் கண்டிருந்தார்கள். தவான் குழு அதைச் சாய்வலைத் திருப்பத்தில் தெளிவாக அளந்து காட்டியது. சுவரோர உராய்வையே நேரடியாக அளக்கும் நுண்தராசு ஒன்றைத் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கியவர் தவான் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மெல்லிய பட்டையின் மீது அவருக்கிருந்த அக்கறை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் தொடர்ந்தது. ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் கட்டத்தைப் பற்றி ரோத்தம் நரசிம்மாவுடன் அவர் 1958இல் எழுதிய கட்டுரை அதற்குச் சான்று.

அதிர்வலை பரப்பில் படும் இடத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எக்ஸ்-15 விமானம் காட்டியது. 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் அந்த விமானத்தை ஒலியைப்போல் 6.7 மடங்கு வேகத்துக்குக் கொண்டுபோனார். அடிவயிற்றுத் துடுப்பில் மாதிரி ராம்ஜெட் எஞ்சின் ஒன்று தொங்கியது. அதன் அருகே எழுந்த அதிர்வலைகள் ஒன்றோடொன்று மோதித் துடுப்பின் மீது விழுந்த இடங்களில் உலோகம் உருகித் துளையானது; ராம்ஜெட் கழன்று விழுந்தது. நைட் பத்திரமாகத் தரையிறங்கினார். ஆனால் அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை.

மீயொலி எஞ்சின்களின் காற்று நுழைவாயில் இன்னும் கடினமான இடம். அங்கே அதிர்வலைகள் வேண்டியவை. அவைதான் காற்றை அமுக்கித் தருகின்றன. அவை சுவரில் படும் இடத்தில் படலம் பிரிந்தால் எஞ்சினுக்குச் சீரான காற்று கிடைக்காது. கன்கார்டின் நுழைவாயிலில் சரிவுத் தகடுகளுக்கு இடையே இடைவெளி விட்டு, சோர்ந்த சுவரோரக் காற்றை வெளியே உறிஞ்சியெடுத்தார்கள். பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் இலவசமல்ல. உறிஞ்சிய காற்று எஞ்சினுக்கு இழப்பு.

இன்றும் முழுதாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கொந்தளிப்புப் படலத்தில் பிரிவு நேரும்போது அதிர்வலை ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்னும் பின்னும் அசைகிறது. படலத்தின் சுழல்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்க, அலையோ அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே மெதுவாக ஊசலாடுகிறது. இந்த மந்தகதி எங்கிருந்து வருகிறது? முன்னால் வரும் படலத்தின் ஏற்ற இறக்கம் என்றது ஒரு தரப்பு. குமிழ் தானே மூச்சுவிடுவதுபோல் பெருத்துச் சிறுப்பது என்றது மறு தரப்பு. 2014இல் ஆய்வாளர்கள் கிளெமென்ஸும் நாராயணசாமியும் இரண்டுக்கும் இடமுண்டு என்று மதிப்பிட்டார்கள்: பிரிவு பெரிதாகப் பெரிதாக, முன்னால் வரும் படலத்தின் கை தளர்ந்து குமிழின் கை ஓங்கும். எனக்கும் இதுவே ஏற்புடையதாகப் படுகிறது. கட்டமைப்புப் பொறியாளருக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. அந்த மந்தகதி பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸில் அமைகிறது. விமானத்தின் மெல்லிய உலோகத் தகடுகள் ஒத்ததிர்ந்து களைப்புறுவதும் ஏறக்குறைய அதே எல்லைக்குள்தான்.