மீன் வயதறிதல்

மீனின் செதில், முள்ளெலும்பு, உட்செவியிலுள்ள செவிக்கல் ஆகியவற்றில் பதியும் வளையங்களை எண்ணி வயதைக் கணிப்பதே மீன் வயதறிதல். வளையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தால், ஆண்டுக்கு எவ்வளவு வளர்ந்தது என்பதும் தெரியும்.

1759-இல் சுவீடனின் ஹெடர்ஸ்ட்ரோம், பைக் மீனின் முள்ளெலும்பு வளையங்களை எண்ணி வயது சொன்னார். 1898-இல் ஜெர்மனியின் ஹோஃப்பவர், வயது தெரிந்த குளத்துக் கெண்டைகளின் செதில்களை ஆராய்ந்து செதில் முறைக்கு அடித்தளமிட்டார். மறு ஆண்டே ரைபிஷ் செவிக்கல்லைப் பயன்படுத்தினார்.

வளர்ச்சி குன்றும் காலத்தில்தான் வளையம் விழும் என்பதால், கடுங்குளிரே இல்லாத நம் நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டு வளையம் விழுமா என்ற ஐயம் வெகுநாள் இருந்தது. 1951-இல் சேஷப்பாவும் பீமாச்சாரும் மலபார் நாக்குமீனின் செதிலில் வளையம் கண்டு, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இரை குறைவதைக் காரணமாகக் காட்டினார்கள். நன்னீர் மீனான மிர்காலின் செதிலைக் கொண்டு வயதறிந்த ஜிங்ரனின் ஆய்வு 1957-இல் வந்தது. இனப்பெருக்கக் காலத்து உடல் தளர்ச்சியும் செதிலில் தடம் விடும்.

கொங்கு நாட்டில் கணக்கு இன்னும் சிக்கலானது. கோவையின் சிங்காநல்லூர்க் குளத்துக்கு நீர் தரும் நொய்யல் ஆற்றில் வெள்ளியங்கிரி மலைப் பக்கத்துத் தென்மேற்கு மழையால் வெள்ளம் வரும். ஊரில் பெய்வதோ பெரும்பாலும் வடகிழக்கு மழை. கழிவுநீர் கலந்து உயிர்வளி குறைந்தாலும் வளர்ச்சி தடைப்படும். ஆகவே ஓராண்டில் இரண்டு வளையங்கள்கூட விழலாம். எண்ணிக்கையை அப்படியே வயதாக எடுத்துக்கொள்ள முடியாது. குஞ்சு விட்ட தேதி தெரிந்த குளங்களில் மாதந்தோறும் செதில் எடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. ஹோஃப்பவருக்குக் கைகொடுத்ததும் வயது தெரிந்த மீன்கள்தான்.

முதுகுத் துடுப்புக்குக் கீழிருந்து செதிலை எடுத்து, வழவழப்புப் போகக் கழுவி, இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அழுத்தி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மெல்லிய வரிகள் நெருங்கிய இடமே வளையம். உதிர்ந்து மறுபடி முளைத்த செதிலின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும், அது உதவாது. வயதேறிய மீனிலோ விளிம்பு வளையங்கள் நெருங்கிப்போய்ச் செதில் வயதைக் குறைத்துக் காட்டும். செவிக்கல் அப்படி ஏமாற்றாது. 2019-இல் அமெரிக்காவின் பெருவாய் பஃபலோ மீனின் செவிக்கல்லைச் சீவிப் பார்த்தபோது 112 வயது தெரிந்தது. அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கதிரியக்கக் கரிமமும் அந்தக் கணிப்பு முறையை உறுதிப்படுத்தியது. முந்தைய கணிப்புகளைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான வயது அது.

செவிக்கல்லை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். மோயாற்றில் வாழும் காவிரியின் திமில் மகாசீர் மீன், 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதைக் கொன்று வயது பார்ப்பது தகாது. ஓரிரு செதிலை எடுத்துவிட்டு ஆற்றில் விடலாம். அதில் கிடைப்பதைத் தோராயமான வயதாக மட்டுமே கொள்ள வேண்டும்.