தென்காசியிலிருந்து நீதி எவ்வளவு தூரம்?

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வருவோர் பெரும்பாலும் வெளியூரார். செங்கோட்டை வழியே கேரளத்தார் வருவதும் உண்டு. அவர்களுள் ஒருவர் தாக்கப்பட்டாலோ, உடைமையைப் பறிகொடுத்தாலோ, யாரிடம் போய்ச் சொல்வது என்று திகைத்து நிற்பார். அத்திகைப்புக்குச் சட்டம் விடை தர மிக நெடுங்காலம் ஆயிற்று.

ஆங்கிலேயர் 1861இல் இயற்றிய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில், வழக்கு என்பது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடைப்பட்டது. அடிபட்டவர் வெறும் சாட்சி. கூண்டேறிச் சொல்லிவிட்டு இறங்கினால் அவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்தது உண்மையே. ஆனால் குற்றவாளி அகப்பட்டுத் தண்டனையும் பெற்றாக வேண்டும். அகப்படாவிட்டால்?

ஐக்கிய நாடுகள் அவை 1985இல் பாதிக்கப்பட்டோர்க்கான நீதி குறித்துப் பிரகடனம் செய்தது. இத்துறையின் ஆய்வில் நம் நாட்டில் முன்னின்ற பேராசிரியர் கே. சொக்கலிங்கம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர் என்பது நம் பகுதியார் பலர் அறியாத செய்தி. எனினும் சட்டம் அசைந்தது 31.12.2009இல்தான். அன்று நடைமுறைக்கு வந்த 357அ பிரிவு, குற்றவாளி யாரென்றே தெரியாதபோதும் அரசு நிதியிலிருந்து இழப்பீடு கோரலாம் என்றது. தமிழக அரசின் திட்டம் 2013இல் வந்தது.

1.7.2024 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் இவ்வுரிமையைத் தொடர்கிறது. குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்; குற்றாலத்தில் பட்டவர் தம் ஊருக்குத் திரும்பியும் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். புலனாய்வு எந்நிலையில் உள்ளது என்பதைத் தொண்ணூறு நாள்களுக்குள் காவல்துறையே தெரிவிக்க வேண்டும்.

22.11.2019இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை, ஆட்சியரையோ காவல் கண்காணிப்பாளரையோ காண ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து நெல்லைக்குச் செல்ல வேண்டியிருந்தது. கையொடிந்த கூலித் தொழிலாளிக்கு அது ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கும் பயணம். அலுவலகங்கள் இன்று அருகில் வந்துவிட்டன. அவை இருப்பதை அறிந்தோர்தாம் மிகச் சிலர். நீதிமன்றத்தை ஒட்டிய சட்டப் பணிகள் அலுவலகம் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர்க்கு வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதன் தொலைபேசி எண் 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

இழப்பீட்டு மனுவும் அவ்வலுவலகத்திற்கே உரியது. முதல் தகவல் அறிக்கை நகலையும் மருத்துவச் சான்றையும் இணைத்துக் கொடுத்தால், இரண்டு மாதத்திற்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். மனு கொடுத்த நாளைக் குறித்த ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுவது நன்று.