பட்டப்படிப்புக்குப் பிறகு நர்சிங்: பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

மணவூர், திருவாலங்காடு, திருத்தணி பகுதி ஜமாஅத்களில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மகள் பி.ஏ. முடித்துவிட்டாள். இரண்டே வருடத்தில் டிகிரி நர்ஸ் ஆக்கித் தருகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். சேர்க்கலாமா ஹஜ்ரத்?" கேட்பவர்களில் சிலர் முன்பணமாகக் கொடுக்க நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறார்கள். எனவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. கணிதம் போன்ற வேறு பட்டம் பெற்ற ஒருவரை இரண்டு வருடத்தில் நர்ஸ் ஆக்கும் படிப்பு இந்தியாவில் இல்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் அப்படிப்பட்ட படிப்புகள் உண்மையாகவே இருக்கின்றன. அங்கே உள்ளதைக் காட்டி இங்கே விற்பவர்களால்தான் குழப்பம் வருகிறது.

அப்படியானால் இங்கே "இரண்டு வருட நர்சிங்" என்று சொல்லப்படுவது என்ன? நான்கு விதமான படிப்புகள் இந்தப் பெயரில் நடமாடுகின்றன. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருடம். பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்த பெண்களும் சேரலாம். இது அங்கீகாரம் உள்ள நல்ல படிப்புதான். ஆனால் இது கிராம சுகாதாரப் பணிக்கானது. மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கோ வெளிநாட்டில் நர்ஸ் பதிவுக்கோ இது போதாது. அடுத்தது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். இதுவும் இரண்டு வருடம்தான், ஆனால் ஜி.என்.எம். முடித்து, நர்ஸாகப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே சேர முடியும். மூன்றாவது எம்.எஸ்சி. நர்சிங். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். நான்காவதுதான் ஆபத்தானது. டிரஸ்ட் பெயரிலும், ஏதோ ஒரு "கவுன்சில்" பெயரிலும் கடைத்தெரு மாடியில் நடத்தப்படும் நர்சிங் டிப்ளமோ. அங்கே படித்த பிள்ளை உதவியாளராக வேலை பார்க்கலாம்; நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது.

இந்தத் துறையில் சான்றிதழைவிடப் பெரியது பதிவு எண். தமிழ்நாட்டில் அதைத் தருவது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. அரசு வேலை, பெரிய மருத்துவமனை, வளைகுடா, இங்கிலாந்து என எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். ஆகவே எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது: "இங்கே முடித்தால் தமிழ்நாட்டுக் குழுமத்தில் பதிவு கிடைக்குமா?" நேரான பதில் வராத இடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கவும் வேண்டாம்.

சரி, ஏற்கனவே பட்டம் முடித்த பிள்ளைக்கு என்ன வழி? பட்டத்தை ஓரத்தில் வைத்துவிட்டு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுங்கள். சேர்க்கையைத் தீர்மானிப்பது அதுதான். நம்முடைய பட்டமும் கலைப் பட்டமே, அதைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நர்சிங் சேர்க்கையில் அதற்கு எடை இல்லை, அவ்வளவுதான்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் சேரலாம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுவாக 45 சதவீத மதிப்பெண்ணும், 17 வயது நிறைவும் வேண்டும். உச்ச வயது 35. தமிழ்நாட்டில் அரசு இடங்களை நிரப்புவது மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் கலந்தாய்வு, நீட் தேவையில்லை. ஜிப்மர் மட்டும் வேறு, அங்கே பி.எஸ்சி. நர்சிங்குக்கும் நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள்.

கலை, வணிகவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு உள்ள கதவு ஜி.என்.எம். மூன்று வருட டிப்ளமோ. பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் ஆங்கிலத்துடன் 40 சதவீதம் இருந்தால் விதி அனுமதிக்கிறது. இதற்கும் உச்ச வயது 35. அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது என்றும் அதே விதி சொல்கிறது. எனவே அரசு நர்சிங் பள்ளி இடம் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்காமல், அந்த வருடத்து விவரக் கையேட்டில் பாடப்பிரிவையும் வயது வரம்பையும் முதலில் பாருங்கள். மாநில விதி இன்னும் இறுக்கமாக இருக்கலாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றபின் இரண்டு வருட போஸ்ட் பேசிக் சேர்ந்தால் நர்சிங் பட்டதாரி ஆகிவிடலாம். மொத்தம் ஐந்து வருடம். ஆனால் மூன்றாம் வருட முடிவிலேயே சம்பாதிக்கத் தொடங்கலாம் என்பதால் நடுத்தரக் குடும்பத்துக்கு இது மோசமான கணக்கு அல்ல. வேலையில் இருந்துகொண்டே இந்தப் பட்டத்தைப் படிக்க இக்னோவிலும் வழி உண்டு. அதுவும் அனுபவமுள்ள, பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு மட்டும்.

மதரஸாவில் ஆலிமா ஓதிக்கொண்டே தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ எழுதிய பெண்கள் நம் சமுதாயத்தில் நிறைய இருக்கிறார்கள். ஜி.என்.எம். படிப்புக்கு அந்தப் பிளஸ் டூவை நர்சிங் கவுன்சில் ஏற்கிறது. ஆனால் பிளஸ் டூவே எழுதாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பி.ஏ. வாங்கியவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. அவர்கள் முதலில் பிளஸ் டூ எழுதியாக வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு வருடம் மிச்சம்.

இடஒதுக்கீட்டைப் பற்றி எல்லைப் பகுதிக் குடும்பங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது எல்லா முஸ்லிம்களுக்கும் அல்ல. அன்சார், தக்னி முஸ்லிம், தூதேகுலா, லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினருக்கு மட்டும். ராவுத்தரும் மரைக்காயரும் லப்பையில் அடங்குவர். சாதிச் சான்றில் வெறுமனே "முஸ்லிம்" என்று இருந்தால் கலந்தாய்வில் பொதுப் பிரிவில்தான் நிற்க நேரிடும். திருத்தணி வட்டாரம் 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரி, புத்தூர் பக்கம் இன்றும் நம்மவர்களுக்குப் பெண் கொடுத்து எடுக்கும் உறவு இருக்கிறது. தாயும் தந்தையும் வேறு வேறு மாநிலத்துச் சான்று வைத்திருப்பதும், பிள்ளை சில வகுப்புகளை அந்தப் பக்கம் படித்திருப்பதும் இங்கே சகஜம். அப்படிப்பட்டவர்கள் சாதிச் சான்றையும் பிறப்பிடச் சான்றையும் வட்டாட்சியர் அலுவலகம் மூலம் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். விண்ணப்பம் தொடங்கிய பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று பயனில்லை. இந்த 3.5 சதவீதம் ஆந்திரத்திலோ கர்நாடகத்திலோ செல்லாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கர்நாடகம் என்றதும் பெங்களூரு ஏஜெண்டுகள் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே நல்ல கல்லூரிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் தன் இணையதளத்தில் மாநில வாரியாக வெளியிடும் கல்லூரிப் பட்டியலில் பெயர் இல்லாத இடத்தில் படித்தால், பதிவை வேறு மாநிலத்துக்கு மாற்றுவதில் சிக்கல் வரும். பட்டியலில் அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்சி.க்கு அனுமதி பெற்ற கல்லூரி ஜி.என்.எம்.முக்கும் அனுமதி பெற்றது என்று பொருளல்ல. பிறகு ஒருநாள் நேரில் போய், மாணவிகளுக்கு எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று கேளுங்கள். நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை வேண்டும் என்பது விதி. படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அசல் சான்றிதழ்களை ஏஜெண்டிடம் கொடுக்கவே வேண்டாம். கல்லூரியில் கொடுத்தால் எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

நம் பகுதிக்கு ஒரு வசதி இருக்கிறது. மணவூரில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை. அங்கே சென்ட்ரல் எதிரிலேயே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், அதற்கு நர்சிங் கல்லூரியும் உண்டு. மறுபக்கம் அரக்கோணம் போய் வண்டி மாறினால் காட்பாடி, வேலூர். வேலூர் சி.எம்.சி.யின் நர்சிங் பள்ளி 1909-இலும், பட்டப்படிப்பு 1946-இலும் தொடங்கியவை. அதற்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு முறை என்பதால் அரசுக் கலந்தாய்வை மட்டும் எதிர்பார்த்திருப்பவர்கள் தேதியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இனி வெளிநாடு. இங்கிலாந்தில் வேறு பட்டம் பெற்றவர்கள் சேரும் இரண்டு வருட எம்.எஸ்சி. நர்சிங் உண்டு, மூன்று வருடப் படிப்பில் ஒரு பகுதியை முந்தைய பட்டத்துக்காகக் கழித்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் இதே போன்ற இரண்டு வருட முதுகலைப் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் இன்னும் குறுகிய பட்டப்படிப்புகள் உண்டு. ஆனால் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்ற பாடங்களை முன்பே படித்திருக்க வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 7 என்ற அளவில் மதிப்பெண் கேட்கிறார்கள். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சிறிது காலம் பணி செய்த அனுபவத்தையும் இங்கிலாந்தில் எதிர்பார்ப்பார்கள். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்நாட்டு நர்சிங் பதிவு அமைப்பு அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா, வெளிநாட்டு மாணவர்களை அதில் சேர்க்கிறார்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எம்.எஸ்சி. நர்சிங்" என்ற அதே பெயரில், ஏற்கனவே நர்ஸாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பும் அங்கே உண்டு. அதில் தெரியாமல் சேர்ந்தால் பட்டம் கிடைக்கும், பதிவு கிடைக்காது.

குடும்பமாகப் போகலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில் இத்தகைய முதுகலை மாணவர்கள் கணவரையோ பிள்ளைகளையோ சார்பு விசாவில் அழைத்துச் செல்ல முடியாது. மஹ்ரம் பற்றிய கவலை உள்ள குடும்பங்கள் இதைச் சேர்க்கைக்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும். அங்கே பெற்ற தகுதி இந்தியாவில் தானாகச் செல்லாது என்பதால், திரும்பி வந்து இங்கே வேலை பார்ப்பதானால் சமநிலை அங்கீகாரம் பெற வேண்டியிருக்கும். நம்மைக் கேட்டால், நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கி இந்த வழியில் போவதைவிட, இங்கே ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்து, இரண்டு வருட அனுபவத்தோடு நர்ஸாகவே வெளிநாடு போவது நல்லது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களை ஆள் எடுத்து அனுப்புகிறது.

பணத்தைப் பற்றி: சிறுபான்மையினரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தை மத்திய அரசு 2022-23-இல் நிறுத்திவிட்டது. அதைச் சொல்லி இன்னும் ஆசை காட்டுபவர்கள் உண்டு. முதல் பட்டதாரிச் சலுகையும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் முதல் படிப்பை மனதில் வைத்து வந்தவை. இரண்டாவது படிப்புக்கு அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டாம்கோ மூலம் கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் வட்டி உண்டு. அதனால் முதலில் ஜமாஅத் பைத்துல்மாலையும் ஜகாத் நிதியையும் அணுகுங்கள். ஒரு மஹல்லா சேர்ந்து ஒரு மாணவியின் ஜி.என்.எம். செலவை ஏற்பது பெரிய காரியம் அல்ல.

இந்த வேலை நம் பெண்களுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு நாம் நினைவூட்டுவது ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி) அவர்களை. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் அமைக்கப்பட்ட அவரது கூடாரத்தில்தான் பராமரிக்கப்பட்டார்கள். நடைமுறைச் சந்தேகங்களைக் கல்லூரியில் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: தலைமறைப்புக்கு அனுமதி உண்டா, முழுக்கை உடை உண்டா, விடுதி எப்படி, இரவுப் பணி எந்த வருடத்தில் தொடங்கும். நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்பது இங்கிலாந்தில் தொற்றுத் தடுப்பு விதி. ஆனாலும் பயன்படுத்திவிட்டு எறியும் கையுறை போன்ற மேலுறைக்கு 2010-இலேயே அங்கே வழி செய்தார்கள். கேட்டதால்தான் கிடைத்தது. ஆண்களும் இந்தப் படிப்பில் சேரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆண் நோயாளிகளைக் கவனிக்க ஆண் நர்ஸ்கள் வேண்டும் என்று விரும்பும் நாம்தான் நம் பையன்களை அனுப்பத் தயங்குகிறோம்.

திருமணத்தைப் படிப்பின் நடுவில் வைப்பவர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் வழங்கப்படும் முன் செய்முறைப் பயிற்சியில் 100 சதவீதத்தையும் நிறைவு செய்தாக வேண்டும். விடுபட்ட நாட்களை வார்டில் நின்று ஈடுகட்டாமல் முடியாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நிச்சயத்தின்போதே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாகப் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் ஃபாத்திமா பீ, ஆதாரில் ஃபாத்திமா பேகம், பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து தந்தை பெயரோடு நீண்டு நிற்பது நம் வீடுகளில் வழக்கம். நர்சிங் பதிவும், பிறகு வெளிநாட்டுச் சான்று சரிபார்ப்பும் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிடும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே மற்ற ஆவணங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிலேயே பிழை என்றால் நர்சிங்கில் சேர்வதற்கு முன்பே திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பதிவேட்டில் ஏறிய பெயரைப் பிறகு மாற்றுவதுதான் அலைச்சல்.