சென்னைக் கல்விச் சங்கம்

சென்னைக் கல்விச் சங்கம் என்பது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பணிக்காக இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்க 1812-இல் சென்னையில் தொடங்கப்பட்ட கல்லூரி. ஆங்கில ஆவணங்களில் இதன் பெயர் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. 1854-இல் மூடப்பட்டது. ஆட்சியாளரைத் தயார்செய்ய ஏற்பட்ட இந்த இடம், தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கும் மொழியாராய்ச்சிக்கும் செய்தது அதன் நோக்கத்தைவிடப் பெரியது.

பின்னணி

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திருக்கோஷ்டியூருக்கு மிக அருகிலுள்ள ஊர் அது. அதே ஆண்டில் கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. 1803-இல் சிவகங்கை, நிலையான வரி செலுத்தும் ஜமீனாக்கப்பட்டது. ஜமீன்தார் இருந்தாலும் அவருக்கு மேல் மதுரைக் கலெக்டர் இருந்தார். 1817-இல் வந்த சட்டத்தால் கோயில் நிர்வாக மேற்பார்வையும் வருவாய் வாரியத்தின்கீழ் வந்தது. ஆக, திருக்கோஷ்டியூர் போன்ற ஒரு சிற்றூரின் வரி, வாய்க்கால், கோயில் தகராறு எதுவாயினும் தமிழ் தெரியாத ஓர் அதிகாரியின் மேசையில் போய் நிற்கலாம்.

அந்த அதிகாரி எப்படி வந்தவர்? கம்பெனி இயக்குநர் ஒருவரின் பரிந்துரையால் பதின்ம வயதிலேயே வேலை பெற்றவர். 1806 முதல் இப்படித் தேர்வானவர்களுக்கு இங்கிலாந்தில் ஒரு கல்லூரி இருந்தது. பின்னர் ஹெய்லிபரிக்கு இடம் மாறி அப்பெயராலேயே அறியப்பட்ட அக்கல்லூரியில், மக்கள்தொகைக் கொள்கையால் புகழ்பெற்ற மால்தஸ் வரலாறும் பொருளியலும் கற்பித்தார். கீழைமொழிகளில் அங்கே பாரசீகம், சமஸ்கிருதம், இந்துஸ்தானி ஆகியவற்றுக்கே முதன்மை. இவற்றைப் படித்துவிட்டு வந்தவர் சிவகங்கைச் சீமைக் குடியானவரின் மனுவைக் கேட்க வேண்டுமானால், துபாஷியின் வாயைத்தான் பார்க்க வேண்டும். துபாஷி சொன்னதே மனு, அவர் விட்டதே விடுபட்டது. கம்பெனிக்கு இது குடிகளின் துயரமாகப் பட்டதோ இல்லையோ, வருவாய்க்கு ஆபத்தாகப் பட்டது.

கற்பித்த முறை

கல்விச் சங்கத்தின் மூளை என்று பிரான்சிஸ் வைட் எல்லிஸைச் சொல்லலாம். தமிழில் எல்லீசன். 1796-இல் சென்னைக்கு வந்து, 1810-இல் சென்னைக் கலெக்டரானவர். கல்லூரியின் மேற்பார்வை ஆங்கிலேயர் குழுவிடம் இருந்தது. ஆனால் பாடம் சொன்னவர்கள் உள்ளூர்ப் புலவர்கள். இன்றைய கல்லூரி போல வகுப்பறைச் சொற்பொழிவுகள் கிடையாது. மாணவருக்கு ஒதுக்கப்பட்ட ஆசிரியர் அவர் இருக்குமிடம் சென்று கற்பிப்பார். (திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பாடம் கேட்க இராமாநுசர் பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவ மரபு. இங்கே நடந்தவர் ஆசிரியர்!) ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கும். தேறினால் மாணவரின் படித்தொகை உயரும். புலவர்களிடம் படித்த உள்ளூர் இளைஞர்கள் ஆசிரியராகவோ, மாவட்ட நீதிமன்றங்களில் வழக்காடுபவராகவோ ஆயினர்.

எதைப் படிப்பது என்பதில்தான் பெரிய சிக்கல். அன்றைய தமிழ்க் கல்வி செய்யுளை மையமாகக் கொண்டது. நன்னூலும் நிகண்டும் மனப்பாடமாகத் தெரிந்தாலும் வரித்தகராறு மனு ஒன்றைப் படிக்க அவை நேரடியாக உதவா. மேல்வாரம், குடிவாரம், மிராசு, ஜமாபந்தி என்பவை வேறோர் உலகத்தின் சொற்கள். வீரமாமுனிவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் கைகொடுத்தது. அவருடைய மற்ற நூல்களைத் தேடி 1816-இல் எல்லிஸ் தென்மாவட்டங்களுக்கு அனுப்பியவர் கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை. அத்தேடலின் தொடர்ச்சியாக 1822-இல் அவர் எழுதியது வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாறு. சதுரகராதி 1824-இல் அச்சேறியது. தலைமைத் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826-இல் வெளிவந்தது. வெள்ளைக்கார இளைஞர் தமிழ் வாசிக்கப் பழக எழுதப்பட்ட அந்த உரைநடை, பிறகு தமிழ்ப் பிள்ளைகளுக்கே பாடநூலாயிற்று.

1816-இல் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தைக் கல்லூரியே வெளியிட்டது. அதற்கு எல்லிஸ் எழுதிய முன்னுரைக் குறிப்பு, தெலுங்கும் தமிழும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனியொரு குடும்பம் என்று சான்றுகளோடு காட்டியது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல். அதாவது 40 ஆண்டுகள் கழித்து. எல்லிஸின் வாதத்துக்குத் தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்துத் தந்தவர் கல்லூரி ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி. நிலவுரிமை பற்றிய எல்லிஸின் ஆய்வுக்குத் துணை நின்றவர் சங்கரய்யா. இவர்களின் பெயர்களைப் பாடநூல்கள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

எல்லிஸின் முடிவு

சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்த எல்லிஸ், அதைத் தமிழ்ச் செய்யுளில் கல்லில் பொறிக்கச் செய்தார். 1818-ஐச் சேர்ந்த, குறள் ஒன்றை மேற்கோளாகக் கொண்ட அக்கல்வெட்டு இப்போது மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் உள்ளது. மறு ஆண்டு மார்ச்சில், தென்பகுதிகளில் பயணம் செய்துகொண்டிருந்தவர் தவறுதலாக நஞ்சருந்தி இராமநாதபுரத்தில் இறந்தார். மதுரைக் கலெக்டரின் வீட்டிலிருந்த அவருடைய கையெழுத்துத் தாள்கள் பல மாதம் சமையல்காரர் அடுப்பு மூட்டவே பயன்பட்டன என்று வால்டர் எலியட் பின்னாளில் குறித்திருக்கிறார்.

எல்லா மாணவரும் எல்லிஸ் ஆகிவிடவில்லை. தேர்வு முடிந்ததும் தமிழை மறந்தவரும் இருந்திருப்பர். ஆனால் அவர்களில் மந்தமானவர்கூட உதவிக் கலெக்டராகலாம். அவருக்கு எழுத்தறிவித்த புலவர் ஆக முடியாது. 1833-இன் பட்டயச் சட்டம் மதம், பிறப்பு, நிறம் காரணமாக எவருக்கும் பதவி மறுக்கப்படாது என்றது. உயர்பணியில் அது ஏட்டளவிலேயே நின்றது.

பின்னர்

1853-இன் சட்டம் பரிந்துரை முறையை ஒழித்துப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. முதல் தேர்வு 1855-இல் லண்டனில் நடந்தது. ஹெய்லிபரியும் 1858-இல் மூடப்பட்டது. இந்தியர் எழுதலாம், ஆனால் கடல் கடந்து போய், ஆங்கிலேய மாணவருக்கென அமைந்த பாடங்களில் போட்டியிட வேண்டும். 1863-இல் முதலில் தேறியவர் வங்காளத்தின் சத்யேந்திரநாத் தாகூர். 1870-களின் பிற்பகுதியில் வயது வரம்பு 21-இலிருந்து 19-ஆகக் குறைக்கப்பட்டு, இருந்த வழியும் குறுகியது. இந்தியாவிலும் தேர்வு நடத்தத் தொடங்கியது 1922-இல்தான். தமிழரில், கேம்பிரிட்ஜில் படித்த பொன்னம்பலம் அருணாசலம் 1875-இல் இலங்கை ஆட்சிப் பணியில் போட்டித் தேர்வு வழியே நுழைந்தார். இலங்கையர் ஒருவர் அவ்வழியில் நுழைந்தது அதுவே முதல் முறை.

சங்கம் இயங்கிய நுங்கம்பாக்கம் வளாகத்தில் இப்போது பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் உள்ளன. அதன் முன்னே செல்லும் சாலைக்குக் கல்லூரிச் சாலை என்றே பெயர். சங்கம் சேர்த்த சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் சேர்ந்துள்ளன.